சும்மா ஏறாத மனிதர்

ஜூன் 12, புதன்கிழமை.

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. விபத்து நடந்து பதினான்கு நாட்களுக்குள் காப்புறுதிக் கம்பனி நட்டஈடு கொடுத்துவிடும் என்று எழுதியிருந்தேன். இன்று காலை அவர்களுடைய கையேட்டை மறுபடி வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்தப் பதினான்கு நாட்கள், அவர்கள் கேட்டதையெல்லாம் நாங்கள் கொடுத்து, அவர்கள் திருப்தி அடைந்த நாளில் இருந்துதான் தொடங்குமாம். சிறிய பிழைதான். ஆனால் என் பேச்சை நம்பி அண்ணன், ஆட்டோவுக்குக் கடன் கொடுத்த லீசிங்காரர்களுக்குத் தவணை சொல்லிவிட்டான்.

ஒழுங்காக எழுதுகிறேன். நடந்தது எது, நான் நினைத்தது எது என்று பிரித்து எழுத வேண்டும் என்று மாலை வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனக்கு இரண்டும் கலந்துவிடுகிறது.

நடந்தது இது. போன வாரம் மழையில், தோட்டத்து ஆட்கள் காலையில் பெயர் கொடுக்கிற மஸ்டர் கொட்டகைக்குக் கீழே உள்ள வளைவில் அண்ணன் பிரதீபனின் ஆட்டோ வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற ரோட்டோரக் கானுக்குள் விழுந்தது. அண்ணனுக்கு நெற்றியில் தையல். பின்னால் இருந்த பழனியாண்டி மாமாவுக்குத் தொடை எலும்பு முறிந்து கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஆட்டோ தெஹியோவிட்டவில் ஒரு கராஜ் வாசலில், முன்பக்கம் நசுங்கி, தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. கம்பனி பணம் தந்தால்தான் கராஜ்காரர் கை வைப்பார். தராவிட்டால் லீசிங்காரர்கள் அப்படியே இழுத்துக்கொண்டு போவார்கள்.

ஷாமிளா அண்ணிக்கு இது எட்டாம் மாதம். எங்கள் தோட்டத்து டிவிசனில் இருந்து பெரிய ரோட்டுக்கு இறங்க வேறு வண்டி இல்லை. ஸ்டோர் லொறி இருக்கிறது. ஆனால் மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றதில் இருந்து அது மேலே வருவதே இல்லை. அந்த ஆட்டோ திரும்பி வந்தாக வேண்டும். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது எல்லோரும் ரோட்டுப் பக்கம் பார்க்கிறோம்.

காலையிலேயே றிஸ்மி நானா வந்தார். தெஹியோவிட்ட பஜாரில் இருப்பவர், கம்பனியின் முகவர். அண்ணனின் ஆட்டோவுக்குக் காப்புறுதி எழுதிக் கொடுத்தவர் அவர்தான். மோட்டார் சைக்கிளைக் கீழே விட்டு, முழங்கால் வரை சேறோடு ஏறி வந்திருந்தார். அம்மா கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, பிளேன்டீயும் ஊற்றிக் கொடுத்தார்.

அவரிடம் இரண்டு செய்திகள் இருந்தன.

முதலாவது, இன்று பகல் கம்பனியின் விசாரணை அதிகாரி ஒருவர் கரவனெல்லவுக்குப் போய்ப் பழனியாண்டி மாமாவைப் பார்க்கப் போகிறார். கேட்கப் போவது ஒன்றே ஒன்றுதான். ஆட்டோவில் ஏறியதற்குக் காசு கொடுத்தீர்களா?

இது ஏன் பெரிய கேள்வி என்று விளங்க எனக்குச் சில நாட்கள் எடுத்தது. ஆட்டோவுக்குக் காப்புறுதி இரண்டு விதமாக எழுதலாம். வீட்டுத் தேவைக்கு மட்டும் ஓடும் சொந்தப் பாவனைக்கு ஒன்று, காசுக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடுவதற்கு ஒன்று. ஹயருக்குக் கட்டணம் கூடுதல். றிஸ்மி நானா எங்களுக்கு எழுதியது சொந்தப் பாவனைக்கு. தோட்டத்து ஆட்டோ எல்லாவற்றுக்கும் அப்படித்தான் எழுதுவாராம். காசுக்கு ஆள் ஏற்றிப் போகும்போது விபத்து நடந்தது என்று தெரிந்தால் கம்பனி ஒரு சதமும் தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை கம்பனியில் இருந்து போன் வந்தபோது, றிஸ்மி நானா சொல்லிக் கொடுத்தபடியே, தான் யாரிடமும் எப்போதும் ஒரு சதம்கூட வாங்குவதில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டான். பேச்சைப் பதிவு செய்கிறோம் என்று அவர்கள் முதலிலேயே சொன்னார்களாம்.

அது பொய்யா என்று நான் பல தடவை யோசித்தேன். எங்கள் டிவிசனில் யாரும் அண்ணனை ஹயருக்குக் கூப்பிடுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், சந்தைக்குப் போக வேண்டும் என்றால், வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார்கள். அண்ணன் போவான். எவ்வளவு என்று சொல்ல மாட்டான். இறங்கும்போது அவர்கள் முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கிற முருகன் படத்துக்குக் கீழே எண்ணெய்க் காசு என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். வைக்கும்போது அண்ணன் வேறு பக்கம் பார்ப்பான். அதைப் பார்ப்பது மரியாதை இல்லை. சம்பளம் குறைந்த மாதத்தில் சிலர் வைக்க மாட்டார்கள். அதுவும் யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் உலை வைப்பது அந்தக் காசில்தான். ஆனால் அதை ஹயர் என்று சொன்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் கோபம் வரும். அண்ணனுக்கு முதலில் வரும்.

றிஸ்மி நானாவின் இரண்டாவது செய்தி ஒரு திட்டம். ஆட்டோ, வீடு, உயிர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே காப்புறுதி. மூன்றையும் எடுத்தால் கம்பனி எங்களை நல்ல வாடிக்கையாளராகப் பார்க்கும், நட்டஈடும் இழுபறி இல்லாமல் முடியும் என்றார். அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எழுத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். இந்தக் கம்பனியை நம்பலாமா என்று பார்த்துச் சொல்லும் வேலையை வீட்டில் எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள். மாலை வகுப்பில் கணக்கியலும் வணிகமும் படிக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கொஞ்ச நாளாக இதே வேலையாகத் திரிந்தேன். பஜாரில் பளீல் நானாவின் கடை தீப்பிடித்தபோது இந்தக் கம்பனி தாமதமாகத்தான் கொடுத்தது, ஆனால் முழுவதும் கொடுத்தது. கீழ் டிவிசனில் ஒருவருக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசினார். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

முதலில் வீட்டைப் பற்றிக் கேட்டேன். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், எங்களிடம் உறுதிப் பத்திரம் கிடையாது. நாங்கள் கட்டியது பின்பக்கத்துக் குசினிச் சுவர் ஒன்றுதான். தனக்கு உரிமை இல்லாத சொத்தைக் காப்புறுதி செய்ய முடியாது என்று போன மாதம் வகுப்பில் எழுதினேன். எழுதும்போது அது எங்கள் வீட்டைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு எடுக்க முடியாது, உள்ளே இருக்கிற சாமான்களுக்கு எடுக்கலாம் என்றார் றிஸ்மி நானா. மேட்டு மண் சரிந்து வந்து சாமான்களை மூடினால் தருவார்களா என்று கேட்டேன். போன வருடம் எங்கள் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்து, அதிகாரிகள் வந்து அபாயம் என்று அடையாளம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடையாளம் போட்ட இடத்துக்கு மண்சரிவு சேராது என்றார். தீயும் களவும் மட்டும் சேரும்.

"களவா?" என்றார் அம்மா. "எங்க வீட்டுக்குக் களவெடுக்க வர்றவன், பாவம், கையில இருக்கிறத வச்சிட்டுத்தான் போவான்."

றிஸ்மி நானா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

பிறகு உயிர்க் காப்புறுதி. அதை மட்டும் நான் உண்மையாகவே விரும்பினேன். அப்பா இறந்தபோது மரண உதவிச் சங்கம் கொடுத்ததைத் தவிர எங்களுக்கு எதுவும் வரவில்லை. அந்த வளைவில் அண்ணன் இன்னும் கொஞ்சம் பலமாக அடிபட்டிருந்தால் அண்ணியும் பிறக்கப் போகிற பிள்ளையும் என்ன செய்வார்கள் என்று யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் விண்ணப்பத்தைக் கவனமாக வாசித்தேன். நடுவில் ஒரு கட்டம் இருந்தது.

"தொழில்னு கேட்டிருக்கு நானா. அண்ணனுக்கு என்ன எழுதுவீங்க?"

"ஆட்டோ ஓட்டுற..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

கம்பனி ஒன்று. அதனிடம் இருக்கிற ஒரு தாளில் ஆட்டோ சொந்தப் பாவனைக்கு மட்டும். இன்னொரு தாளில் அதன் சொந்தக்காரன் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவன். நான் குறும்பாகக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

"விவசாயம்னு போட்டுக்குவோம்," என்றார் றிஸ்மி நானா.

"எந்தக் காணியிலங்க?" என்று உள்ளேயிருந்து அண்ணி கேட்டார்.

 அண்ணன் என் கையைப் பிடித்து, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரை கூட்டிக்கொண்டு போனான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் நெற்றித் தையலைத் துணியால் மூடியிருந்தான்.

"நீ கரவனெல்லவுக்குப் போ சுமி. நான் போனா அந்த ஆளு கண்ணுல படுவேன், சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும். நீ சோறு கொண்டு போற மாதிரி போ. மாமாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"என்ன வார்த்தைண்ணே?"

"சும்மாதான் கூட்டிட்டுப் போனான்னு."

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். காப்புறுதி எடுப்பவர் எதையும் மறைக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி என்று வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி, முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வாசலில் அண்ணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. நான் சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

ரோட்டுக்கு இறங்கி யட்டியாந்தோட்டை பஸ் பிடித்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைப் பழகிக்கொண்டே போனேன். பழகப் பழக அது மோசமாகிக்கொண்டு வந்தது.

பழனியாண்டி மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. அடுத்த லயம். மனைவி இல்லை, மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அறுபது வயது தாண்டியும் பால் வெட்டப் போகிறவர். அன்றைக்கு சீனி வியாதிக்குக் கிளினிக் போகத்தான் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். கட்டிலில் கால் தூக்கிக் கட்டப்பட்டு, நுனியில் பாரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா புள்ள, கல்லைக் கட்டி வச்சிருக்காங்க," என்றார். "ஓடிப் போயிருவேன்னு பயம்."

நான் சிரித்தேன். சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். அம்மாவைக் கேட்டார், அண்ணியைக் கேட்டார், அண்ணனின் தையல் ஆறிவிட்டதா என்று கேட்டார். தன் கால் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். பழகி வைத்த எதுவும் வரவில்லை. கம்பனியில் இருந்து ஆள் வருவார், காசு கொடுத்தீர்களா என்று கேட்பார், இல்லை என்று சொன்னால்தான் ஆட்டோ திரும்பி வரும் என்று கட்டிலின் இரும்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சும்மா ஏறினேன்னு சொல்லணும்."

"ஆமா மாமா."

"பிரதீபன் சொல்லச் சொன்னானா?"

தலையை ஆட்டினேன்.

"சரி புள்ள. வயித்துல பிள்ளையோட ஒருத்தி இருக்கா. சொல்லிருவோம்."

அப்படிச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார். கால் கட்டியிருந்ததால் திரும்ப முடியவில்லை.

அதிகாரி வந்தபோது பார்வையாளர் நேரம் முடியப் போகிற சமயம். பெயர் ஜயசுந்தர என்றார். வயதானவர், மழைச்சட்டையை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். நான் அண்ணனின் தங்கை என்று மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. சிங்களத்தில்தான் பேசினார். மாமாவுக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும்.

முதலில் கால் எப்படி, டொக்டர் என்ன சொல்கிறார், வீட்டில் யார் பார்ப்பது என்று எல்லாம் விசாரித்தார். பிறகு கேள்வியைக் கேட்டார். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு, காசு கொடுக்கவில்லை என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர் பேனையை மூடினார். எழுந்திருக்கப் போகிற நேரத்தில், பேச்சுக்காக ஒன்று சொன்னார். அதில் எந்தத் தந்திரமும் இருந்ததாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பையன் நல்லவன் போலிருக்கிறது, வயதான ஏழை மனிதர் என்று பாவம் பார்த்துச் சும்மா ஏற்றிக்கொண்டு போகிறான், இந்தக் காலத்தில் அப்படி யார் செய்வார்கள் என்றார்.

மாமா கூரையில் இருந்து கண்ணை எடுத்தார்.

அவர் சிங்களத்தில் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். பொருள் மாறாது.

"பாவம் பாத்தா? யாரு, என்னையவா? நான் யாரு வண்டியிலயும் சும்மா ஏறுறவன் இல்லீங்க மாத்தையா. எறங்கும்போது எண்ணெய்க் காசு வச்சிட்டுத்தான் எறங்குவேன். எங்க தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான். அன்னைக்கு வைக்கல. எப்படி வைக்கிறது? எறங்கவே இல்லையே, கானுக்குள்ள கெடந்தேன்."

சொல்லிக்கொண்டே தலையணைக்கு அடியில் கையை விட்டார். ஒரு பிளாஸ்டிக் பையில் கிளினிக் புத்தகமும் கொஞ்சம் நோட்டும் இருந்தன. ஒரு நோட்டை எடுத்து நீவினார். கம்பனி அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, அதை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இந்தா புள்ள. அன்னைக்கு வைக்காத காசு. மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பிரதீபன்கிட்ட குடுத்துரு."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதற்குப் பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு விளங்கியது. என்னைப் பார்த்தார்.  நான் என்ன செய்திருக்க வேண்டும்? திருப்பிக் கொடுத்திருந்தால் அவரை இன்னொரு தடவை கீழே தள்ளியது போல இருக்கும். வைத்துக்கொண்டேன்.

அதிகாரி பேனையை மறுபடி திறந்தார்.

வராந்தாவில் அவர் எனக்காக நின்றார். தங்கச்சி என்பது போல, நங்கி என்றுதான் கூப்பிட்டார். அன்றைக்குக் காசு கைமாறவில்லை என்பது உண்மை, வழக்கமாக வைப்பார்கள் என்பதும் உண்மை, இரண்டையும் எழுதியிருப்பதாகச் சொன்னார். அண்ணன் யாரையும் கேட்டு வாங்குகிறவரா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அதையும் எழுதினார். ஆனால் ஆறுதல் அங்கேயே முடிந்தது. யாரிடமும் எப்போதும் ஒரு சதம் வாங்கியதில்லை என்று அண்ணன் போனில் சொன்னது கோப்பில் இருக்கிறது. காயப்பட்ட மனிதர் ஒன்று சொல்ல, வண்டிக்காரர் வேறொன்று சொன்னால் மேலே இருக்கிறவர்கள் வேறு எதையும் வாசிக்க மாட்டார்கள். பொய் வாக்குமூலம் என்று மூடிவிடுவார்கள்.

கோப்பு நாளை பகல் கொழும்புக்குப் போகிறது. அதற்கு முன் அண்ணன் கம்பனியின் அவிசாவளைக் கிளைக்கு நேரில் வந்து, முதலில் சொன்னது தவறு என்று தன் வாயால் சொல்லி, உள்ளதைச் சொன்னால் தான் அதையும் சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார்.

அப்படிச் செய்தால் கம்பனி பணம் தருமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது நங்கி. தெரியாததைச் சொல்ல மாட்டேன்," என்று தமிழிலேயே சொன்னார். கொஞ்சம் தடுமாறித்தான் சொன்னார்.

இந்தக் கம்பனியைப் பற்றி எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர். அதற்காக நம்புவதா, பயப்படுவதா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்து, தெஹியோவிட்டவில் இறங்க மறந்து, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்தேன். இன்று வகுப்பு இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்குப் போடுகிற நேரம். அண்ணன் வாசலிலேயே நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனான். நான் நடந்ததை ஆரம்பத்தில் இருந்து ஒழுங்காகச் சொன்னேன். மாமா கொடுத்த நோட்டை மேசையில் வைத்தேன்.

அதை அவன் தொடவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வான்னுதானே அனுப்பினேன்," என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

றிஸ்மி நானாவுக்குப் போன் எடுத்தான். அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது. பயப்பட ஒன்றும் இல்லையாம். ஆஸ்பத்திரியில் வலிக்கு மருந்து கொடுத்திருப்பார்கள், அந்த மயக்கத்தில் கிழவர் ஏதோ உளறிவிட்டார், ஏற்கெனவே அவருக்கு ஞாபகம் சரியில்லை என்று ஒரு கடிதம் எழுதி, லயத்தில் இரண்டு பேரின் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தால் போதும். அண்ணனின் வாக்குமூலம் நிற்கும், மாமாவினது விழும்.

அண்ணன் போனை வைத்துவிட்டு என்னிடம் தாள் கேட்டான். என் சிங்கள எழுத்து வீட்டில் எல்லோரையும் விட ஒழுங்காக இருக்கும்.

அப்போதுதான் இன்னொன்றும் வெளியில் வந்தது. நான் கரவனெல்லவில் இருந்தபோது அண்ணன் மூன்றையும் சேர்த்த திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். வெறுமையாக இருந்தது, றிஸ்மி நிரப்பிக்கொள்வதாகச் சொன்னார் என்றான். நான் பார்த்துச் சொல்வதாக இருந்த விஷயம் அது. லீசிங்கில் இருந்து மறுபடி போன் வந்ததாம். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, பிடித்துக்கொண்டேன் என்றான். அவனைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. 

நான் தாளை எடுத்தேன். எழுதுவதற்காகத்தான் எடுத்தேன். இதை மறைக்கப் போவதில்லை.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"மாமாவுக்குப் புத்தி பிசகிருச்சின்னு எழுதப் போறீங்களா?"

அண்ணன் மேசையில் இருந்த மாமாவின் நோட்டைப் பார்த்தான்.

"எழுதுங்க. ஆட்டோ வருதுன்னே வச்சுக்குவோம். அதுல யாரு ஏறுவா? காசு வச்சவங்கள எல்லாம் பைத்தியம்னு சொன்னவன் வண்டியில யாருங்க ஏறுவா?" மூச்சு வாங்கியது. நின்று, மறுபடி சொன்னார். "ஆட்டோ வர்றதுக்குள்ள எனக்கு வலி வந்தா நீங்க யாரு வீட்டுக் கதவத் தட்டுவீங்க? அந்த லயத்துல இருந்துதானே நாலு பேரு வந்து தூக்கணும்?"

"ஆட்டோ போச்சின்னா?" என்றான் அண்ணன். "உண்மையச் சொல்லி ஆட்டோவும் போச்சின்னா என்னத்த ஓட்டுவேன்? அத யாராவது சொல்லுங்க."

அண்ணி சுவரில் சாய்ந்து நின்றார்.  அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். மஸ்டர் கொட்டகைப் பக்கம் போனதைப் பார்த்தேன். தாள் வெறுமையாகவே இருக்கிறது.

அவன் இன்னும் வரவில்லை. அதற்குள் எனக்குக் கொடுத்த வேலையை முடித்துவிடுகிறேன்.

வீட்டுச் சாமான் காப்புறுதி எங்களுக்கு வேண்டாம். எங்களுக்கு வரக்கூடிய ஆபத்து மண், அதற்கு அவர்கள் தரப் போவதில்லை. உயிர்க் காப்புறுதி வேண்டும். ஆனால் தொழில் என்ற இடத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர் என்று எழுத வேண்டும். ஆட்டோவுக்கு ஹயர் ஓடுவதற்கான காப்புறுதி எடுக்க வேண்டும், கட்டணம் கூடினாலும். ஆட்டோ இருந்தால்.

கம்பனியைப் பற்றி என்னால் ஒன்றுதான் சொல்ல முடிகிறது. அது நல்லதா கெட்டதா என்று நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. அவர்கள் எங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்று பார்ப்பதற்கு முன்பே, நாங்கள் அவர்களிடம் வேறு யாரோ ஒரு குடும்பத்தைக் காட்டிவிட்டோம். இப்படி எழுதுவதுகூட நான் நினைத்ததா நடந்ததா என்று சரியாகத் தெரியவில்லை.

அண்ணன் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றுதான் அதிகாரி சொன்னார். நான் தனியாகப் போனால் அது அண்ணனுக்கு எதிரான சாட்சியாகத்தான் கோப்பில் ஏறும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன முகம் இருக்கும் என்று தெரியாது. போகாமல் இருந்தால் பழனியாண்டி மாமா கம்பனிக் கோப்பில் புத்தி பிசகியவராக இருப்பார். அவருக்கு அது தெரியவும் வராது.

நாளை செய்ய வேண்டியவை.

கடை திறக்கும்போதே தெஹியோவிட்ட பஜாரில் றிஸ்மி நானாவைப் பிடித்து, அண்ணன் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி வாங்குவது.

அங்கிருந்து அவிசாவளைக் கிளைக்குப் போவது. அண்ணன் வந்தால் அவன் பேசுவான். வராவிட்டால் நான் பேசுவது.